மலையக் காத்த ஊர்க்காரங்கள மொதல்ல கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரிட்டாபட்டி மலைப் பக்கம் டங்ஸ்டன்ங்கிற உலோகத் தாது எடுக்க விட்ட ஏலம் 2025 ஜனவரி 23ஆம் தேதி ரத்தானதோட அந்தக் கதை முடிஞ்சுபோச்சுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. மேலூர் பக்கத்துக்காரன்ங்கிற முறைல எனக்கு அப்படித் தோணல. ஏலம் ரத்தாச்சு, சந்தோஷம், ஆனா ஊர்க்காரங்கள ஒரு வார்த்தை கேக்காமயே ஒரு மலைய ஏலத்துக்குக் கொண்டுபோக முடியும்ங்கிற நெலமை இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு, அத பத்தித்தான் இந்தக் கடிதம்.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்றேன். மதுரை மாவட்டம் மேலூர் தாலுகா, ஏழு மலை, எழுபது எழுபத்திரெண்டு ஏரி கொளம், எரநூறு சுனைன்னு சொல்ற எடம். கழிஞ்சமலைல ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசான, தமிழிங்கிற பழைய தமிழ் எழுத்துல வெட்டுன கல்வெட்டு இருக்கு, பாண்டியர் காலத்துல மலையக் கொடஞ்சு கட்டுன சிவன் கோயில் இருக்கு, அதுல சைவத்தோட பாசுபதப் பிரிவுக்கு குருவா சொல்ற லகுலீசர் சிற்பம் இருக்கு, தமிழ்நாட்டுல லகுலீசர் சிற்பம் ரொம்பக் கொஞ்ச எடத்துலதான் பார்க்க முடியும். பக்கத்துல மீனாட்சிபுரம் மலைல நெடுஞ்செழியன் பேரு வர்ற மாங்குளம் கல்வெட்டு, ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் 1882ல பார்த்து வெளிய சொன்னது. இந்த ரெண்டு ஊரையும் சேத்து 193.215 ஹெக்டேர 2022 நவம்பர்ல தமிழக அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, மாநிலத்துலயே மொத தலம் இதுதான். கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கழிச்சு 2024 நவம்பர் 7ஆம் தேதி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்னு ஒரு பேர் வச்சு, அந்த பல்லுயிர் தலத்தையும் உள்ள வச்சு 2015.51 ஹெக்டேர ஏலத்துல ஒரு கம்பெனிக்கு ஒதுக்கியாச்சுன்னு மத்திய சுரங்கத்துறைட்ட இருந்து அறிவிப்பு வருது!

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. பல்லுயிர் பாரம்பரியத் தலம் அறிவிக்கணும்னா 2002 பல்லுயிர்ச் சட்டத்துல 37வது பிரிவு, உள்ளாட்சி அமைப்புங்கள கலந்து பேசித்தான் அறிவிக்கணும்னு சொல்லுது. அதாவது காப்பாத்துறதுக்கு ஊரக் கேக்கணும். ஆனா அதே எடத்த சுரங்கத்துக்கு ஏலம் விடணும்னா, 2023ல கனிமச் சட்டத்துல கொண்டுவந்த திருத்தத்துக்கு அப்புறம் டங்ஸ்டன் மாதிரி முக்கியக் கனிமங்கள மத்திய அரசே ஏலம் விடலாம், ஏலத்துக்கு முன்னாடி கிராமசபைய கேட்டாகணும்னு எதுவும் கெடையாது. காப்பாத்த அனுமதி வேணும், ஒடைக்க வேணாம். இது எந்த ஊரு நியாயம்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஊர் ஊரா கிராமசபைல தீர்மானம் போட்டாங்க, டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றத்துல தீர்மானம் வந்துச்சு, 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர் பக்கத்து ஊர்க்காரங்க ஆயிரக்கணக்குல கெளம்பி மதுரை தல்லாகுளம் வரைக்கும் வந்தாங்க, வயசான பொம்பளைங்க, கைப்புள்ளைய தூக்கிட்டு வந்தவங்க, கடைய சாத்திட்டு வந்த வியாபாரிங்கன்னு எல்லாரும் இருந்தாங்க. இதுக்கு முன்னாடியும் கிரானைட் குவாரிக்கு மலைய விட மாட்டோம்னு வருஷக்கணக்கா நின்னவங்கதான் இவங்க. சுத்துவட்டாரத்துல எத்தனையோ மலை கிரானைட்டுக்குப் போயி இன்னைக்கு தண்ணி நிக்கிற பள்ளமா கெடக்கு, அரிட்டாபட்டி மலை நிக்குதுன்னா அது ஊர் நின்னதால நிக்குது.

அரிட்டாபட்டில மகாவீரர் சிற்பம் ஒண்ணு இருக்கு, பழைய வண்ணம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுக்குக் கீழ வட்டெழுத்துல ஒரு கல்வெட்டு. அச்சணந்தி செய்வித்த திருமேனி, பாதிரிக்குடியார் ரட்சைன்னு அதுல வருது. அச்சணந்திங்கிறது ஒரு சமணத் துறவி, ரட்சைன்னா பாதுகாப்பு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி சிற்பத்தச் செஞ்சு வச்சவங்களுக்கே தெரிஞ்சிருக்கு இத யாரு கைல ஒப்படைச்சா நிக்கும்னு, பாதிரிக்குடிங்கிற ஊர்க்காரங்க பொறுப்புல விட்டுட்டுப் போயிருக்காங்க, அத கல்லுலயும் வெட்டி வச்சிருக்காங்க. இப்ப நம்ம தொல்லியல் சட்டங்கள எடுத்துப் பாருங்க, மத்திய அரசோட 1958 சட்டமும் சரி மாநிலத்தோட 1966 சட்டமும் சரி, அதிகாரி இருக்காரு, அபராதம் இருக்கு, ஜெயில் இருக்கு, ஊர்க்காரங்களுக்கு முடிவெடுக்குற எடத்துல ஒரு நாற்காலி கெடையாது.

ஊரக் கேக்காம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஆஸ்திரேலியா கதை ஒண்ணு சொல்லணும். மேற்கு ஆஸ்திரேலியால பில்பரான்னு இரும்புத்தாது எடுக்குற பகுதி, அங்க ஜூக்கான் பள்ளத்தாக்குல ஒரு கொகை, 46,000 வருஷத்துக்கு முன்னாடியே மனுஷங்க புழங்குன எடம். புட்டு குண்டி குர்ரமா, பினிகுராங்கிற பழங்குடி மக்களோட மண்ணு அது. 2013ல ரியோ டின்டோ கம்பெனிக்கு 1972ஆம் வருஷத்து பழங்குடிப் பாரம்பரியச் சட்டத்துல 18வது பிரிவுப்படி அனுமதி கெடைச்சிடுது, அடுத்த வருஷமே அங்க தோண்டிப் பார்த்தப்ப மனுஷ முடியால பின்னுன 4,000 வருஷத்து அரைக்கயிறோட துண்டு கெடைக்குது, டிஎன்ஏ பார்த்தா இப்ப அங்க இருக்கற மக்களோட மூதாதைங்களதுன்னு தெரியுது. இவ்வளவு தெரிஞ்சும் குடுத்த அனுமதிய திரும்பப் பார்க்க சட்டத்துல வழி இல்ல, கம்பெனி மேல்முறையீடு பண்ணலாம், அந்த மக்கள் பண்ண முடியாது. 2020 மே 24ஆம் தேதி வெடி வச்சு தகர்த்துட்டாங்க. அப்புறம் நாடாளுமன்ற விசாரணை வந்துச்சு, கம்பெனி தலைவர் பதவிய விட்டுப் போனாரு. கொகை போனது போனதுதான். அரிட்டாபட்டிக்கு இது நடக்காததுக்குக் காரணம் நம்ம சட்டம் நல்லா இருந்தது இல்ல, ஜனங்க ரோட்டுக்கு வந்ததுதான், ஒவ்வொரு தடவையும் ஜனங்க ரோட்டுக்கு வந்துதான் ஒரு மலையக் காப்பாத்தணும்னா எத்தனை மலைய காப்பாத்த முடியும் சொல்லுங்க.

நம்ம நாட்டுலயே நல்ல முன்னுதாரணமும் இருக்கு. ஒடிசால நியமகிரி மலைய பாக்சைட்டுக்கு எடுக்கலாமான்னு வழக்கு போனப்ப 2013 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு கிராமசபைங்கள கேளுங்கன்னு சொல்லிடுச்சு, 12 கிராமசபைலயும் டோங்ரியா கோண்டு மக்களும் மத்தவங்களும் வேணாம்னு சொன்னாங்க, மலை தப்பிச்சது. அதுக்கு அடிப்படை 2006 வன உரிமைச் சட்டம், பண்பாட்டு பாரம்பரியத்தக் காக்குற அதிகாரத்த அதோட 5வது பிரிவு கிராமசபைக்கே குடுக்குது. நீலகிரில கீழ்க்கோத்தகிரி பக்கம் கரிக்கையூர்ல பாறை ஓவியம் இருக்கே, அங்க வெளில இருந்து வர்றவங்க ஓவியத்து மேலயே கிறுக்கிட்டுப் போறாங்கன்னு செய்தி வந்துச்சு, அந்தக் காட்டுல காலங்காலமா இருக்கற இருளர் மக்கள்ட்ட அந்த எடத்தோட பொறுப்ப சம்பளத்தோட குடுத்தா இந்தச் சட்டத்துக்கு ஒரு அர்த்தம் வரும். யார உள்ள விடலாம் யார விடக்கூடாதுங்கறதையும் அவங்களே சொல்லட்டும், வாட்ச்மேன்னு காக்கி சட்டை மட்டும் மாட்டி விடுறத நான் சொல்லல.

ஊர்க்காரங்க எல்லாரும் எப்பவும் சரியாவே செய்றாங்கன்னும் நான் சொல்ல வரல. கும்பாபிஷேகம்னு சொல்லி கல்வெட்டு மேல பெயின்ட் அடிக்கிறதும், மணல வேகமா பீச்சி சுத்தம் பண்றேன்னு எழுத்தையே தேச்சு எடுக்குறதும், டைல்ஸ் ஒட்டி மூடுறதும் நம்ம ஊருங்கள்லதான் நடக்குது. வீடு கட்ட வானம் தோண்டும்போது முதுமக்கள் தாழி தென்பட்டா சத்தமில்லாம மண்ணத் தள்ளி மூடிட்டு மேல கட்டிருவாங்க. ஏன்னு கேட்டா பயம். சொன்னா எடத்த எடுத்துக்குவாங்கன்னு பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கு, மத்திய தொல்லியல் துறை பாதுகாக்குற சின்னத்த சுத்தி 100 மீட்டருக்குள்ள கட்டவே கூடாது, அதுக்கு வெளில இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும்னு 2010 திருத்தம் சொல்லுது, மூணு சென்ட் எடம் வச்சிருக்கவனுக்கு இது எப்படி இருக்கும்? இன்னொரு பக்கம் 1878ல வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம், 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள பொருள் மண்ணுக்கடில கெடைச்சா கலெக்டர்ட்ட சொல்லணும், சொல்லாட்டி தண்டனை. இதத்தான் ஜனங்க கேள்விப்பட்டிருக்காங்க. சொன்னா உனக்கு மரியாதை உண்டு, ஈடு உண்டு, உன் பேரு ரிப்போர்ட்ல வரும்னு யாரும் அவங்ககிட்ட வந்து சொன்னதில்ல.

கீழடிய பாருங்க. அங்க தொல்பொருள் இருக்குன்னு எழுபதுகள்லயே மொதல்ல கவனிச்சு சொன்னது உள்ளூர் பள்ளிக்கூடத்து வரலாற்று வாத்தியார் ஒருத்தர். 2014ல இருந்து நடந்த அகழாய்வுல பெரும்பகுதி தனியார் தென்னந்தோப்புல, மரத்த வெட்டாம மரத்துக்கு நடுவுல குழி போட்டாங்க, தோப்புக்காரங்க மனசு வச்சு எடம் குடுக்கலைன்னா இன்னைக்கு நாம கி.மு. ஆறாம் நூற்றாண்டுன்னு பேசிட்டு இருக்க முடியுமா? வெயில்ல ஒக்காந்து தூரிகையால மண்ணத் தள்ளுனது பக்கத்து ஊரு ஆணும் பொண்ணும். பொருளெல்லாம் கர்நாடகாவுக்குப் போயிரும்னு பேச்சு வந்தப்ப இங்கயே வையுங்கன்னு விஷயம் கோர்ட்டு வரைக்கும் போச்சு, 2023 மார்ச் 5ஆம் தேதி கீழடிலயே மியூசியம் தெறந்தாச்சு. ஆதிச்சநல்லூருக்கு அந்தக் குடுப்பினை ரொம்ப காலம் இல்ல, 1876ல ஜெர்மனிக்காரர் ஜாகோர் தோண்டி எடுத்தது பெர்லினுக்குப் போச்சு, அப்புறம் தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ எடுத்தது சென்னைக்குப் போச்சு, சொந்த ஊர்ப் புள்ளைங்க நூறு வருஷத்துக்கு மேல அதப் பார்க்கணும்னா ரயில் ஏற வேண்டியிருந்துச்சு.

ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளில தொன்மைப் பாதுகாப்பு மன்றம்னு ஒண்ணு இருக்கு, புள்ளைங்களே களத்துக்குப் போயி பானை ஓடு, கல்வெட்டுன்னு கண்டுபிடிச்சு சொல்றாங்க, உங்க பேப்பர்லயும் வந்திருக்கும். அந்தப் புள்ளை வீட்டுக்குப் போயி அப்பாகிட்ட கல்வெட்டுல பெயின்ட் அடிக்காதீங்கன்னு சொன்னா கேப்பாரு, அதிகாரி போர்டு வச்சா கேக்க மாட்டாரு.

அரசுகிட்ட கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. தொல்லியல் சின்னம் இருக்கற எடத்துல சுரங்கமோ குவாரியோ வர்றதுன்னா ஏலத்துக்கு முன்னாடி கிராமசபை சம்மதம் கட்டாயம்னு சட்டத்துல எழுதுங்க. அகழாய்வு முடிஞ்சா அந்த அறிக்கை தமிழ்ல, அந்த ஊர் நூலகத்துல, எடம் குடுத்தவங்க பேரோடயும் வேலை செஞ்சவங்க பேரோடயும் இருக்கணும். குழில நல்லா வேலை கத்துக்கிட்ட உள்ளூர் ஆளுங்கள சீசன் முடிஞ்சதும் விட்டுடாம பயிற்சி குடுத்து சான்றிதழோட நிரந்தரமா வச்சுக்கணும். நெலத்துக்காரங்களுக்கு அந்தப் போக வெள்ளாமை நட்டத்துக்கு ஈடு குடுக்கணும், கேட்டு வாங்க அலைய விடக்கூடாது.

ஆசிரியர்ட்ட ஒரு வேண்டுகோள். அகழாய்வு செய்தி போடும்போது தோப்புக்காரர், குழில எறங்குறவங்க, மலையடிவாரத்துல ஆடு மேய்க்கிறவங்க இவங்களயும் கேட்டு அவங்க சொல்றத அப்படியே போடுங்க.

சட்டம் மாத்த நாளாகும்னு சொல்வாங்க, சரி. கிராமசபை நம்ம மாநிலத்துல வருஷத்துக்கு ஆறு நாள் கூடுது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தொல்லியல் சின்னம் இருக்கற ஒவ்வொரு ஊருக்கும் அதுல ஒரு நாளாவது தொல்லியல் துறைல இருந்து ஒரு அதிகாரி வந்து ஒக்காந்து, உங்க ஊர்ல இன்ன இன்ன இருக்கு, இந்த வருஷம் நாங்க இன்னது செய்யப்போறோம், உங்களுக்கு என்ன ஆட்சேபம்னு கேட்டு மினிட்ஸ்ல எழுதிட்டுப் போகலாம். இதுக்குப் புதுசா சட்டம் வேணாம், நிதி வேணாம், துறைல இருந்து ஒரு சுற்றறிக்கை போதும், அடுத்து வர்ற கிராமசபைலயே ஆரம்பிச்சிரலாம்.

இப்படிக்கு,
மேலூர் வட்டார வாசகர் ஒருவர்