தறப்பாள் கொட்டிலில் நடந்த கலியாணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2009 தை மாதக் கடைசியில், உடையார்கட்டில் ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் என் மூத்த மகளுக்குக் கலியாணம் செய்துவைத்தேன். அவளுக்கு 16 வயது. கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபின் அது எங்களுக்கு ஐந்தாவது இடம். இறுதிப் போர் நடந்த நேரம், வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் என்று புலிகள் இயக்கம் பிள்ளைகளைச் சண்டைக்குக் கொண்டுபோன காலம். கழுத்தில் கயிறு ஏறினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினோம். ஐயரும் இல்லை, கலியாணப் பதிவு எழுத்தும் இல்லை. மஞ்சள் துண்டை நூலில் கோத்து, பக்கத்துப் பங்கர்ச் சனம் பார்த்திருக்க மருமகன் கட்டினார். அவருக்கும் 19தான். மகள் அழுதபடி தலையைக் குனிந்தாள். முடிவெடுத்தவள் நான்.

சித்திரையில் வலைஞர்மடத்தில் கஞ்சிக்கு வாளியோடு போன மருமகன் திரும்பவில்லை. மகளுக்கு அப்போது இரண்டு மாதம். செட்டிகுளம் முகாமில், மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய சனத்துக்குள், வயிற்றுப்பிள்ளையோடு விடியப்புறம் மூன்று மணிக்கே மலசலகூட வரிசைக்கு எழும்புவாள். குளிப்பு வெட்டையில், பாவாடையைக் குறுக்குக்கட்டிக்கொண்டு. பேத்தி பிறந்ததும் அந்த முகாமில் இருக்கும்போதுதான்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு. ‘பெற்றார் விவாகஞ் செய்தவர்களா?’ என்ற கூட்டில் ‘இல்லை’. ஓ.எல். பரீட்சைக்காக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க அதைப் பேத்தியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தக் கூட்டைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்தபடியே நீட்டினாளாம். இரவு என்னிடம் மட்டும் சொன்னாள். தாய்க்குச் சொல்லவேண்டாம் என்றாள்.

18 வயதுக்குக் குறைந்த கலியாணத்தைப் பதிய முடியாது என்பது 1995இல் வந்த சட்டம். நல்ல சட்டம், அதை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் காணாமற்போனமைச் சான்றிதழ் எடுக்கப் போன இடத்தில், “அவர் உங்கட புருசன் எண்டதுக்கு என்ன ஆதாரம்?” என்று மகளைக் கேட்டார்கள். பதினாறு வருடமாய் வேறு கலியாணத்தை நினைக்காமல் கூலிக்குக் கச்சான் பிடுங்கிப் பிள்ளையை வளர்த்தவளிடம் கேட்ட கேள்வி அது.

எங்கள் ஊரில் மட்டும் இப்படி ஆறு பெண்களை எனக்குத் தெரியும். பதிவாளர்கள் கிராமங்களுக்கு வந்து நடமாடும் சேவை நடத்தவேண்டும். உறவினர், அயலவர் சாட்சியத்தை எழுத்தில் எடுத்து, இந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயரையாவது பதிந்து கொடுக்கவேண்டும். கொட்டிலில் அன்று நின்ற சம்பந்தி சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார். அவருக்கு 70 வயதாகிவிட்டது, இந்த மாரியோடு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர்.

ஓர் அம்மம்மா,
தருமபுரம், கிளிநொச்சி.