நடவாவியின் விளிம்பில் சாலை போடுகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். மில்லிங் செய்து, அதாவது இயந்திரத்தால் சுரண்டி, பழைய தாரை எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021-லேயே தமிழகத்தின் அப்போதைய தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். நீங்கள் அறியாததல்ல. ஆனாலும் திருவிழா நெருங்கினால் பழைய தாரின் மேலேயே புதுத் தார் விழுகிறது.

காஞ்சிபுரம் பக்கத்து ஐயங்கார்குளம் நடவாவி என்னும் படிக்கிணற்றை எண்ணிப் பாருங்கள். படியிறங்கினால் பூமிக்குள் கல்மண்டபம், நடுவே கிணறு. சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் எழுந்தருள, தண்ணீரை இறைத்து மண்டபத்தை வெளிக்கொணர்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களைச் சுற்றித் தரைமட்டத்தை ஓர் அங்குலம்கூட ஏற்றாதீர்கள். ஒரு முறைக்கு 40 மி.மீ. என்றாலும் ஐந்து முறையில் 200 மி.மீ.; ஒரு படியே புதைந்துவிடும். பிறகு மழைநீர் புழுதியையும் வண்டி எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு வாசல் வழியே உள்ளே இறங்கும். சேறு படிந்து ஊற்றுக்கண் தூர்ந்துபோகும்.

சிமென்ட் தளம் இன்னும் கேடு. கான்கிரீட் ஊற்றிப் பேவர் பிளாக் பதித்தால் மண்ணின் ஈரம் மேலே ஆவியாக வழியில்லை. சுவர் வழியே கசிந்து, உப்புப் பூத்து, சுண்ணாம்புக் காரை உதிர்கிறது. இறைக்கும் நாளில்தான் பேராபத்து. உள்ளே நீர் மளமளவென்று இறங்கும். சுவருக்குப் பின்னால் ஊறிய மண்ணில் நீர் அப்படியே நிற்கும். எதிர்த்துத் தாங்கிய நீர் போய்விட்டதால் ஈரமண் சுவரை உள்நோக்கித் தள்ளும், கல் பிதுங்கும். அதே நாளில் ஜெனரேட்டர் லாரியையும் விளிம்பில் நிறுத்தினால் அந்தச் சுவர் எதைத்தான் தாங்கும்?

ஊருக்கு ஊர் கோயில் வாசல் பள்ளமானதும், வீட்டுக்குள் மழைநீர் புகுவதும் சாலையை உயர்த்திக்கொண்டே போகும் இதே பழக்கத்தால்தான். ஒரு தலைமுறை படியேறிப் போன வாசலுக்கு அடுத்த தலைமுறை படியிறங்கிப் போகிறது. இதை வளர்ச்சி என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம். மட்டத்தை ஏற்றாதீர்கள். வாசலிலிருந்து வெளிப்பக்கமாக 50 அடிக்கு 1 அடி சரிவு கொடுங்கள். கல் பதித்தே ஆக வேண்டுமென்றால் கான்கிரீட் இல்லாமல் மணல் படுகையில் பதியுங்கள். கிணறு எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரத்துக்குக் கனரக வண்டியும் கழிவுநீர்க் குழாயும் வேண்டாம். இறைப்பதை ஒரே இரவில் முடிக்காமல் நாள்கணக்கில் மெல்லச் செய்ய, விழா நடத்துவோரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மில்லிங் இல்லாத மதிப்பீட்டில் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள்.

பணிவுடன்,
பழங்கட்டடப் பராமரிப்பில் இருப்போர்