ரெண்டு என், ரெண்டு எல்

வாசகசாலைக் கண்காட்சிக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்,

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குக் கடைசிப் பலகையை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். தூக்கம் வரவில்லை. காலையில் எழுதலாம் என்று படுத்தால் காலையில் வேறு மாதிரி யோசிப்பேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊர்ச் சரித்திரம் என்று நாலு வருஷமாகச் சேர்த்து ஒரே இடத்தில் வைத்திருந்ததெல்லாம், கண்காட்சிக்குப் பதினோரு நாள் பாக்கி இருக்கும்போது போச்சு. திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை, உங்களுக்கும் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும்.

மறுநாள் பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரத் தங்கச்சி தன்னுடைய இரண்டாவது கம்ப்யூட்டரை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். 'திருநெல்வேலி வரலாறு' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றி அடிக்கிறேன், வருவதெல்லாம் அல்வாக் கடையும் லாட்ஜும், அப்புறம் ஒரே நாலு பத்தியை ஐம்பது பேர் எடுத்துப் போட்ட கட்டுரையும்தான். நம்ம ஊரைப் பற்றி இன்டர்நெட்டில் ஒண்ணுமே இல்லை என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல.

பின்னால் வரிசையில் ஒரு பெரியவர் நின்றார். பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றை நகல் எடுக்க வந்தவர். கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, எந்தக் காலத்து விஷயம் தேடுத?"

"ஆத்துப் பாலம் கட்டுன காலம் பாட்டையா, 1843."

"அன்னைக்கு எந்த வெள்ளைக்காரன் திருநெல்வேலின்னு எழுதுனான்? டின்னவெல்லின்னு போடு. ரெண்டு என், ரெண்டு எல், கடைசியில ஒய்."

போட்டேன். திரை நிறைந்தது. 1881-இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம், 1879-இல் வந்த ஸ்டூவர்ட்டின் ஜில்லா மேனுவல், 1917-இல் வந்த பேட்டின் கெஜட்டியர் என்று இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் முழுப் புத்தகங்களாகக் கிடக்கின்றன, காசு இல்லை, கணக்கு தொடங்கக்கூட வேண்டாம். இத்தனை வருஷம் அவை அங்கேயேதான் இருந்திருக்கின்றன, நான்தான் வேறு பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெரியவர் ஆர்.எம்.எஸ்.ஸில் இருந்தவராம், ராத்திரி ரயிலில் கடுதாசி பிரிக்கிற வேலை. ஒரே ஊரை ஜனங்கள் எத்தனை விதமாய் எழுதுவார்கள் என்பது அவர் கைக்கே தெரியும். அவருடைய சான்று முதல் தடவை சரியாக விழவில்லை, மேல்பாதியில் ஒரு கறுப்புப் பட்டை அடித்துவிட்டது. அந்த வீணாய்ப்போன தாளைத் திருப்பிப் போட்டு, தங்கச்சியிடம் பேனா வாங்கி, தபால் பையில் கட்டுகிற சீட்டில் எழுதுவது மாதிரி பெரிய பெரிய எழுத்தாக ஒவ்வொரு ஊராக எழுத ஆரம்பித்தார். பாளையங்கோட்டைக்குப் பாளம்கோட்டா, கடைசியில் ஒரு ஹெச். சேரன்மகாதேவிக்கு ஷெர்மாதேவி. குற்றாலத்துக்குக் கோர்ட்டாலம். தூத்துக்குடிக்கு டூட்டிகோரின். கால்டுவெல் இருந்த இடையன்குடிக்கு எடையன்கூடி, அதில் கூ-வுக்கு இரண்டு ஓ. பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்துவிட்டார்கள், அவர் தலையைத் தூக்கவே இல்லை.

ஊர்ப் பெயரோடு விட்டாரா என்றால் இல்லை. "சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910 வரைக்கும் நம்ம ஜில்லாதான், அதையும் இதுலயே தேடு" என்றார். 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் பிரிந்து சிதம்பரனார் மாவட்டம் ஆனது, நம்முடையது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் ஆனது, 1997-இல் அந்தப் பெயர்களெல்லாம் போயின, 2019-இல் தென்காசியும் தனியாகப் போனது. இதையெல்லாம் பேருந்து நேரம் சொல்வது போல மடமடவென்று சொன்னார். அந்தப் பத்துப் பதினோரு வருஷத்துக் காகிதங்களைத் தேட வேண்டுமானால் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும், எனக்கு அது தோன்றியதே இல்லை. அப்புறம் ஒன்று சொன்னார், அதுதான் அதிகம் உதவியது: "தமிழ்ல தேடும்போதும் மாவட்டம், வரலாறுன்னு போடாதம்மா. ஜில்லா, சரித்திரம்னு போட்டுப் பாரு." தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அப்படிப் போட்டுத் தேடியதில்தான் நாலாவது, ஐந்தாவது பலகைகளே உருவாயின.

மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும். நல்ல நகல் வந்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, போயிட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கால்டுவெல் புத்தகத்தில் அந்த ஆற்றுப் பாலத்தை, அதான் சுலோசன முதலியார் பாலத்தை, தேடித் தேடி விடிந்துவிட்டது. அவர் தன் சரித்திரத்தை 1801-இல், ஜில்லா கம்பெனி கைக்குப் போனதோடு நிறுத்திவிடுகிறார், அது புத்தகத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. தலைப்பை முழுசாக வாசிக்காமல் உள்ளே இறங்கினால் இதுதான் கதி. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார் உத்தியோகத்தில் இருந்த அந்த முதலியார் சொந்தப் பணத்தில் ஆற்றுக்குப் பாலம் கட்டிக் கொடுத்த கதைக்கு வேறு பக்கம்தான் போக வேண்டியிருந்தது.

1908 மார்ச் 13-க்கும் அப்படித்தான். நாம் நெல்லை எழுச்சி என்கிறோம், வ.உ.சி. என்கிறோம். முந்தின நாள் அவரைக் கைது செய்தவர்களின் காகிதத்தில் அவர் சிதம்பரம் பிள்ளை, நடந்தது டின்னவெல்லி கலகம். அவர்கள் வாயால் நம்மைக் கூப்பிட்டால்தான் அந்தக் காகிதம் திரும்பிப் பார்க்கிறது. எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு வழி இல்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி பத்து வரை ஷட்டரை இறக்காத ஜெராக்ஸ் தங்கச்சி, எட்டுப் பலகையையும் தட்டச்சு செய்த சித்தப்பா மகன், பலகை அடித்துக் கொடுத்த ஆசாரி அண்ணாச்சி (கூலியை இன்னும் வாங்கவில்லை, வாங்கியே ஆக வேண்டும்), டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய கிரயப் பத்திரத்தையும் கல்யாணப் பத்திரிகையையும் நம்பிக் கொடுத்த நம்ம தெரு ஆச்சிமார், தினமும் டிபன் வாளியோடு வந்து நின்ற மைனி. அப்புறம், அந்தப் பழைய புத்தகங்களை எங்கோ ஒரு நூலகத்தில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி ஸ்கேன் செய்தவர்கள். ஒரு பக்கத்தின் ஓரத்தில் ஒரு விரல்நுனி பதிந்திருந்தது. யாருடையதோ, அந்த விரலுக்கும் நன்றி.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். தெருவில் வாங்கின பத்திரம், பத்திரிகை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் வைக்கப் போகிறேன், ஒரே இடத்தில் வைத்துப் பட்டது போதும். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் ஊரைத் திருநெல்வேலி, நெல்லை, டின்னவெல்லி என்று மூன்று விதமாகவும் எழுதிவைக்கப் போகிறேன். நாற்பது வருஷம் கழித்து எவளாவது ஒருத்தி எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவாள் என்று யாருக்குத் தெரியும்?

இனி இந்த மடலை எழுதியதற்கான காரணம். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. முன்பக்கத்தில் அவருடைய சான்று, ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்தான் அந்தக் கறுப்புப் பட்டை. மூன்று தடவை கடைக்குப் போய்க் கேட்டுவிட்டேன், அவர் அப்புறம் வரவில்லையாம். ஒல்லியான ஆள், வெள்ளை அரைக்கைச் சட்டை, கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பில் நூல் சுற்றியிருக்கும். ஆர்.எம்.எஸ்.ஸில் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் உங்கள் அப்பாவிடம், தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கிறது, சாயந்திரம் ஐந்திலிருந்து எட்டு வரை. மாடியில்தான் வைத்திருக்கிறோம், படி கொஞ்சம் உயரம். அவர் வந்தால் கீழே நின்று ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள், நான் இறங்கி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன்.