பன்னிரண்டில் பாதி ஏன்?

காவேரிப்பட்டினம்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது.

நேற்றிரவு நீ தொலைபேசியில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபடிச் சமன்பாட்டின் ஒரு பக்கத்தை முழு வர்க்கமாக்கித் தீர்க்கும் வர்க்கப் பூர்த்தி முறையில் கணக்கைப் பிழையில்லாமல் போட்டுவிடுகிறார்கள். ஆனால் நடுக்கெழுவில், அதாவது தெரியாத எண்ணைப் பெருக்கி நிற்கும் எண்ணில், பாதியை எடுத்து வர்க்கப்படுத்தி இரு பக்கமும் ஏன் கூட்டுகிறோம் என்று ஒரு மாணவி கேட்டதும் வகுப்பே அமைதியாகிவிட்டது என்றாய். அந்தக் கேள்வியை விட்டுவிடாதே. அதற்கு விடை சொல்லாமல் நேரே சூத்திரத்துக்குப் போனால், இருபடிச் சமன்பாடு அவர்களுக்கு மனப்பாடமாகவே நின்றுவிடும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை நான் மாந்தோப்பை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தோப்பில் 220 பெங்களூரா மரங்கள். வரிசைகளின் எண்ணிக்கையை விட ஒவ்வொரு வரிசையிலும் உள்ள மரங்கள் 12 அதிகம். வரிசைகளை 'வ' என்று வைத்தால் வ² + 12வ = 220. தோப்பு நீள்சதுரமாக இருப்பதால் பக்கத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. சதுரமாக இருந்தால் வர்க்கமூலம் எடுத்துவிடலாம். ஆகவே, வ-வுக்கு வ என்ற சதுரத்துக்கு வெளியே நீண்டிருக்கும் 12 பத்திகளில் (நெடுக்கு வரிசைகளில்) 6 பத்திகளை அங்கேயே விட்டுவிட்டு, மற்ற 6 பத்திகளைப் பெயர்த்துக் கீழ்ப்பக்கம் வரிசைகளாக நட்டதாக எண்ணிக்கொள்ளச் சொல். பாதியாகப் பிரித்தால்தான் இரு பக்கமும் ஒரே அளவில் நீளும். பாதி எடுப்பதன் காரணம் அவ்வளவே. இப்போது தோப்பு சதுரமாகிவிட்டது, ஒரு மூலையைத் தவிர. அந்த மூலையில் ஆறுக்கு ஆறாக 36 குழிகள் காலியாகக் கிடக்கின்றன. அவற்றிலும் கன்று நட்டால் 220 + 36 = 256, அதாவது (வ + 6)² = 16². எனவே வ = 10; வரிசைக்கு 22 மரம். கரும்பலகையில் புள்ளி புள்ளியாக வைத்து, அந்தக் காலி மூலையைப் பிள்ளைகளே வந்து நிரப்பட்டும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியும் இப்படிப் படம் வரைந்தே நிறுவினார். ஒரு வர்க்கமும் அதன் மூலத்தைப் போல் பத்து மடங்கும் சேர்ந்து 39 என்பது அவருடைய கணக்கு. பத்தில் பாதியான 5-இன் வர்க்கம் 25-ஐக் கூட்டினால் 64; அதன் வர்க்கமூலம் 8, அதில் 5 போக விடை 3. நீளத்தைக் குறிக்கும் படத்தில் குறை எண்ணுக்கு இடமில்லை என்பதால் −13 என்ற மற்றொரு விடையை அவர் கொள்ளவில்லை. நம் தோப்பிலும் வ + 6 = −16 என்று எடுத்தால் வரும் −22 அப்படித்தான் விலகுகிறது. ஆனால் சமன்பாட்டுக்கு அதுவும் தீர்வுதான் என்பதை அழுத்திச் சொல்.

முதல் கெழு ஒன்றாக இல்லாதபோது பாடநூல் முதலில் வகுக்கச் சொல்கிறது. அங்கேதான் பின்னத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் தந்த விதி எனக்கு அதைவிடப் பிடிக்கும். அவருடைய இயற்கணித நூல் கிடைக்கவில்லை. 1150ஆம் ஆண்டின் பீஜகணிதம் என்ற நூலில் கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் எடுத்துக்காட்டியதால் விதி பிழைத்தது. வர்க்கக் கெழுவின் நான்கு மடங்கால் இரு பக்கமும் பெருக்கி, நடுக்கெழுவின் வர்க்கத்தைக் கூட்ட வேண்டும். 3வ² + 5வ = 2 என்றால், 12ஆல் பெருக்க 36வ² + 60வ = 24; 25 கூட்ட (6வ + 5)² = 49. ஆகவே 6வ + 5 என்பது 7 அல்லது −7; வ = 1/3 அல்லது −2. கடைசி வரி வரை பின்னமே வரவில்லை, பார்! எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து இதே வேலையைச் செய்தால் சூத்திரம் தானாக வந்து நிற்கும். ஆதலால் சூத்திரத்தை நீ எழுதிப்போடாதே, அவர்களே எழுதட்டும்.

அதன் பிறகு வ² + 12வ + 40 = 0 என்பதைக் கொடு. (வ + 6)² = −4 என்று வரும். எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண்ணாகாது என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும் வரை காத்திரு. மெய்யெண் தீர்வு உண்டா இல்லையா என்று காட்டும் தன்மைகாட்டி என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

அன்புடன்,
அம்மா