மீதமிருக்கும் சொட்டு மருந்தை நாயின் காதில் விடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு நாய் காதைச் சொறிந்துகொண்டு தலையை உதறத் தொடங்கியதும், முன்பு எப்போதோ வாங்கி மீந்துபோன சொட்டு மருந்தையோ எண்ணெயையோ காதினுள் விட்டுப் பார்க்கும் பழக்கம் நாய் வளர்ப்பவர்கள் பலரிடம் இருக்கிறது. அக்கறையினால் செய்யப்படும் இச்செயலே அந்த உயிருக்குப் பெருந்தீங்காக முடியக்கூடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நாயின் காதுக்குழாய் முதலில் கீழ்நோக்கி இறங்கி, பின்னர் தலையின் உட்புறமாகத் திரும்பிச் செவிப்பறையை அடைகிறது. அந்த வளைவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதை ஓட்டோஸ்கோப் என்னும் காதுநோக்கிக் கருவி கொண்டு கால்நடை மருத்துவர் பார்த்தாலன்றி நாம் அறிய வழியில்லை. செவிப்பறை கிழிந்திருக்கும் நிலையில் ஜென்டாமைசின் என்னும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்து, குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி போன்றவை உள்ளே கசிந்தால், நாய் கேட்கும் திறனை இழக்கவும், நிற்கவும் நடக்கவும் தடுமாறவும் நேரிடலாம்.

ஒரே மாதிரிச் சொறிந்தாலும் காரணங்கள் வேறு வேறு. காப்பித்தூள் போன்ற கருந்துகள்கள் சிற்றுண்ணிகளாலும், வாடையுடன் கூடிய பழுப்பு மெழுகு மலசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையாலும், சீழ் பாக்டீரியாவாலும் வருவது வழக்கம் என்றாலும், நிறத்தை மட்டும் கொண்டு முடிவுசெய்வது சரியன்று. கசிவைப் பஞ்சில் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகே மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாக்டீரியாவுக்கான மருந்து ஈஸ்ட்டைத் தீண்டாது. சிற்றுண்ணி எனில், வீட்டிலுள்ள பூனை உட்பட மற்ற வளர்ப்புப் பிராணிகளுக்கும் சேர்த்தே சிகிச்சை தேவைப்படும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஒவ்வாமையைப் பற்றி. காதுத் தொல்லை குணமாகிக் குணமாகித் திரும்ப வருகிறது என்றால், குறிப்பாக நாய் பாதங்களை ஓயாமல் நக்கவும் செய்கிறது என்றால், சிக்கல் காதோடு நிற்பதில்லை. உணவாலோ சுற்றுப்புறத்தாலோ உண்டாகும் தோல் ஒவ்வாமை பெரும்பாலும் அடியில் இருக்கும். அதைக் கவனியாமல் ஒவ்வொரு முறையும் சொட்டு மருந்தோடு நிறுத்திக்கொண்டால், குழாயின் சுவர் ஆண்டுக்கணக்கில் தடித்துக் குறுகி, இறுதியில் குழாயையே அறுவை சிகிச்சையில் அகற்ற வேண்டிய நிலை வரலாம். அவ்வளவு காலமும் அந்த நாய் வலியோடு வாழ்கிறது என்பதை நினைக்கவே மனம் பொறுக்கவில்லை.

சுத்தம் செய்வதிலும் நிதானம் வேண்டும். பஞ்சுக் குச்சி அழுக்கை உள்ளே தள்ளும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் புண்ணான தோலை மேலும் எரிக்கும். மருத்துவர் பரிந்துரைத்த திரவத்தைக் காதில் நிறைத்து, அடிப்பகுதியை அரை நிமிடம் மெல்லப் பிசைந்து, நாயைத் தலை உதறவிட்டு, வெளியே வந்த அழுக்கைத் துடைத்தால் போதும். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தாலோ நடை தள்ளாடினாலோ வீட்டில் எதையும் காதில் விடாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கால்நடை மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருந்தை எழுதித் தருவதோடு நில்லாமல், முதல் முறை அதை உங்கள் முன்னிலையிலேயே வளர்ப்பவரின் கையால் காதில் விடச் செய்யுங்கள். சொறிவது நின்றதும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்று அவரிடம் சொல்லி, மறுபரிசோதனைக்கு வரவேண்டிய நாளையும் குறித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்