அந்த ஆம்பியூல் இன்னும் அதே தட்டில்தான் இருக்கிறது

அரசு மருத்துவத் துறையில் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளில் கையெழுத்திடும் இடத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் மெடிக்கல் வார்டு பொறுப்பில் இருக்கும் செவிலியர் எழுதுகிறேன். 23 வருட சர்வீஸ். இதுவரை உங்களுக்கு நேரடியாக ஒரு வரி எழுதியதில்லை. வழக்கமான வழியில் அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை என்பதால் இப்படிப் பொதுவில் எழுத வேண்டியதாகிவிட்டது. மன்னிக்கவும்.

இரண்டு மாதம் முன்பு எங்கள் வார்டில் நடந்தது கோப்பாக உங்களிடம் வந்திருக்கும். இரவுப் பணியில் இருந்த செவிலியர் தவறான மருந்தைச் செலுத்தினார், பணியில் அலட்சியம், 17(பி) குறிப்பாணை (பெரிய தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு), நிர்வாக நலன் கருதி இடமாற்றம். கோப்பில் இருப்பது இவ்வளவுதான். மற்றதை நான் சொல்கிறேன்.

அன்றிரவு வார்டில் 46 நோயாளிகள். நர்ஸ் இரண்டு பேர். பதினொன்றரை மணிக்குப் பக்கவாத நோயாளி ஒருவரை சிடி ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு ஒருத்தி போய்விட்டாள். பொது மருத்துவமனையில் ஐந்து படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. பன்னிரண்டு மணி டோஸ் முழுக்க மிச்சமிருந்த ஒருத்தி தலையில். அவளைத் தங்கை என்றே குறிப்பிடுகிறேன். தொகுப்பூதியத்தில் சேர்ந்து வருடக்கணக்கில் காத்திருந்து, போன வருடம்தான் காலமுறை ஊதியத்துக்கு வந்தவள். அது அவளுக்குத் தொடர்ச்சியாக ஆறாவது நைட்.

ஆன்டிபயாடிக் பவுடரைக் கரைக்க டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். 10 மி.லி. பிளாஸ்டிக் ஆம்பியூல், அதாவது சின்ன மருந்துக் குப்பி. டிராலியில் அதே தட்டில், அதற்குப் பக்கத்திலேயே பொட்டாசியம் குளோரைடு. கேசிஎல் என்போம்; கரைக்காமல் நேரே ரத்தத்தில் போனால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. அதுவும் 10 மி.லி., அதே உயரம், முறுக்கித் திறக்கிற அதே கழுத்து. அந்த மாதம் வந்த சப்ளையில் இரண்டிலும் எழுத்து ஒரே நீலம். டியூப்லைட் எரியாத அந்த மூலையில் நின்று நானும் பிறகு படித்துப் பார்த்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் பெயர் தெரிகிறது.

2 மி.லி. போயிருக்கும். "கை எரியுது சிஸ்டர்" என்று நோயாளி கத்தியிருக்கிறார். அந்த நொடியே நிறுத்தி, ஆம்பியூலைத் திருப்பிப் பார்த்து, டூட்டி டாக்டரிடம் ஓடி, "சார், கேசிஎல் போட்டுட்டேன்" என்று சொன்னவள் அவள்தான். அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நோயாளியை உடனே ஐசியூவுக்கு மாற்றியிருக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். போகும்போது அவளைத்தான் தேடினார்.

விசாரணை பத்து நிமிடம். "லேபிளைப் பார்த்தியா, இல்லையா?" என்பது ஒன்றே கேள்வி. பார்க்கவில்லை என்றாள். முடிந்தது. எத்தனை நோயாளிகள், கூட இருந்தவள் எங்கே போனாள், எத்தனையாவது நைட், இந்த இரண்டு மருந்தும் ஏன் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை. டிராலி எப்படி அடுக்கப்பட வேண்டும் என்று பார்ப்பது என் பொறுப்பு. என்னையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தவறில் என் பங்கும் உண்டு என்று எழுதிக் கொடுத்திருப்பேன்.

மறுநாளே என் வார்டில் கேசிஎல் எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டி வைத்தேன். மற்ற வார்டுகளுக்கும் சொல்லச் சொல்லி எழுதினேன். யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் சர்ஜிக்கல் வார்டில் இன்னொரு பெண், பட்டப்பகலில், அதே ஆம்பியூலை எடுத்து ஊசிக்குள் இழுத்துவிட்டாள். போடுவதற்கு முன் ஏதோ தோன்றி மறுபடி பார்த்ததால் தப்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் என் காதோடு சொன்னாள். "எழுதிக் கொடும்மா" என்றேன். "எழுதினா எனக்கும் 17பி வரும்கா" என்றாள். அந்தச் சம்பவம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இனி இருக்கவும் இருக்காது. உண்மையைச் சொன்னவளுக்கு என்ன கிடைத்தது என்பதை மருத்துவமனையே பார்த்துவிட்டதே.

ஐயா, அம்மா, நான் கேட்பது ஒன்றுதான். நடவடிக்கைக்கு முன் மதிப்பீடு செய்யுங்கள். ஒருவர் வேலையில் குறை தெரிந்தால், அது ஏன் வந்தது என்று அந்த மருத்துவமனைக்கு வெளியிலிருந்து ஒரு மூத்த செவிலியரும் ஒரு மருத்துவரும் ஒரு மருந்தாளுநரும் வந்து பார்க்கட்டும். கைத்திறன் போதாதா, உடம்போ மனமோ சரியில்லையா, வேலைப்பளுவா, வார்டு அமைப்பா? பயிற்சி போதாது என்றால் நான்கு வாரம் மூத்தவர் மேற்பார்வையில் வேலை செய்ய வைத்து, திரும்பச் சோதித்து, பிறகு தனியாக விடுங்கள். நோய் என்றால் சிகிச்சைக்கு அனுப்புங்கள். வேண்டுமென்றே அலட்சியம், திரும்பத் திரும்ப அலட்சியம் என்று தெரிந்தால் 17(பி) எங்கேயும் ஓடிவிடாது. அப்போது போடுங்கள், நானே சாட்சி சொல்கிறேன்.

இது ஆகாத காரியம் இல்லை. பிரிட்டனில் மருத்துவர்கள், பல் மருத்துவர்களின் பணிக்குறையை ஆராய்வதற்கென்றே 2001-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அது அவர்களுடைய தேசிய சுகாதார சேவையின் ஓர் அங்கம். மருத்துவமனை நிர்வாகம் முதலில் அவர்களிடம் ஆலோசனை கேட்கும். அவர்கள் ஆளின் திறமையோடு உடல்நிலையையும், வேலை செய்யும் சூழலையும் சேர்த்துப் பார்த்து, வேலைக்குத் திரும்பும் வழியையும் எழுதிக் கொடுப்பார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், மருத்துவர் மீது குற்ற வழக்கில் இறங்குமுன் விசாரணை அதிகாரி அதே துறையின் சார்பற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தைப் பெற வேண்டும் என்று சொன்னது. போலீஸுக்கே விதித்த அந்த நிதானம் எங்கள் துறைக்குள் எங்களுக்குக் கிடைக்கக் கூடாதா? நம் மாநிலத்திலேயே ஒவ்வொரு மகப்பேறு மரணத்தையும் ஆய்வு செய்கிறோம். யார் மீது பழி என்று தேடாமல், எங்கே தவறியது என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வின் அடிப்படை. அந்தக் கூட்டங்களிலும் இப்போது பயம்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

கேசிஎல் விஷயம் எங்கள் வார்டில் புதிதாக முளைத்ததும் இல்லை. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 1998-இல் மருத்துவமனைகளுக்கு அனுப்பத் தொடங்கிய எச்சரிக்கை வரிசையில் முதல் எச்சரிக்கையே இந்தப் பொட்டாசியம் குளோரைடைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்ன ஒன்பது நோயாளிப் பாதுகாப்பு வழிகளில், இத்தகைய அடர் கரைசல்களைக் கட்டுக்குள் வைப்பதும் ஒன்று. அவர்கள் டிராலியைத் திருத்தச் சொன்னார்கள். நாம் டிராலியை விட்டுவிட்டு ஒரு பெண்ணை அனுப்பிவிட்டோம்.

எங்கே அனுப்பினீர்கள்? மலைமேல் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர் நோயாளிக்கு ஊசி போடத் தகுதியில்லை என்று நீங்கள் முடிவு செய்த ஒருவரை, அந்த மலை ஜனங்களுக்கு ஊசி போட எப்படி அனுப்பினீர்கள்? அவள் தகுதியானவள் என்றால் இந்தத் தண்டனை அநியாயம். தகுதியில்லை என்றால் அந்த ஜனங்களுக்குச் செய்தது அநியாயம். மலையூர் என்றால் தண்டனை இடம் என்று எத்தனை காலத்துக்கு வைத்திருப்பீர்கள்? அங்கே பிரசவத்துக்கு வருகிற பெண்ணும் உங்கள் பொறுப்பில்தானே இருக்கிறாள்?

பல வருடம் முன்பு கை நடுங்கும் ஒரு டாக்டரோடு வேலை பார்த்தேன். குடி. காலையிலேயே வாடை வரும், எல்லோருக்கும் தெரியும். அருமையான கைராசிக்காரர். மூன்று ஊருக்கு மாற்றினார்கள். ஒரு ஊரிலும் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பவில்லை, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து விலக்கி வைக்கவும் இல்லை. கடைசியில் ஈரல் கெட்டுச் செத்தார். அந்த மூன்று ஊர்களில் அவர் கைக்கு வந்த நோயாளிகளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அவரை ஒருமுறை உட்காரவைத்து மதிப்பீடு செய்திருந்தால் அந்த நோயாளிகளையும் காப்பாற்றியிருக்கலாம், அவரையும் காப்பாற்றியிருக்கலாம்.

போன வாரம் தங்கை போன் பண்ணினாள். வேலை எப்படி இருக்கிறது என்றேன். "அக்கா, இங்கயும் ரெண்டும் ஒரே தட்டுலதான் இருக்கு. நான் செவப்பு பிளாஸ்டர் வாங்கி கேசிஎல் ஆம்பியூல் ஒவ்வொண்ணுலயும் ஒட்டிட்டேன்" என்றாள். பிளாஸ்டர் அவள் காசில். யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இப்படிப்பட்ட ஒருத்தியைத்தான் அலட்சியமானவள் என்று கோப்பு சொல்கிறது. குறிப்பாணை நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் வராது. இரவில் தூக்கம் வரவில்லை என்றும் சொன்னாள். அந்தத் தூக்கத்தைப் பற்றி விசாரிக்க நம் துறையில் ஓர் ஆள் இல்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். உங்களுக்கும் மேலிருந்து அழுத்தம் உண்டு, டிவியில் செய்தி ஓடினால் மாலைக்குள் யார் மீதாவது நடவடிக்கை காட்ட வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

அவள் விளக்கம் கொடுத்து ஒரு மாதமாகிறது. கோப்பு உங்களிடம் இருக்கிறது. இறுதி ஆணை போடுவதற்கு முன் தயவுசெய்து ஒரு மதிப்பீட்டுக்கு உத்தரவிடுங்கள். அவளுக்கு மட்டும் என்று கேட்கவில்லை, இனி வரும் ஒவ்வொரு கோப்பிலும் நடவடிக்கைக்கு முன் மதிப்பீடு என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். யாரை அனுப்பினாலும் பகலில் அனுப்ப வேண்டாம். இரவு பன்னிரண்டு மணி டோஸ் நேரத்தில் வரச் சொல்லுங்கள். அந்த மூலையில் டியூப்லைட் இன்னும் மாற்றவில்லை.

பணிவுடன்,
ஒரு வார்டு பொறுப்புச் செவிலியர்