பெரியப்பாவை எங்கே அனுப்பினீர்கள்? கடலூர் பிளக்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் பக்கம் பிளக்ஸ் கடையும் அச்சகமும் நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

இரவு ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் ஷட்டரைத் தூக்கி, விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி பேனரைக் கையில் கொடுப்பவர்கள் நீங்கள். அந்த அவசரத்துக்கு நடுவில் ஒரே ஒரு வரியைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பெயருக்குக் கீழே, தேதிக்குப் பக்கத்தில் வருமே, 'சிவலோகப் பதவி அடைந்தார்' என்று, அந்த வரி. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் டிசைனில் படம் மாறுகிறது, பெயர் மாறுகிறது, தேதி மாறுகிறது. இந்த வரி மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் பெரியப்பா திருவந்திபுரம் தேவநாதப் பெருமாளைத் தவிர வேறு சாமி பெயரைச் சொல்லாதவர். போன வருஷம் அவர் தவறியபோது வந்த பேனரில், படத்தில் நெற்றி நிறையத் திருமண். அதற்குக் கீழே சிவலோகப் பதவி. அழுதுகொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அவரை எங்கடா அனுப்புறீங்க?" என்று கேட்டார். சித்தப்பா பையன் ஓடிப்போய் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டினான். பசை காய்வதற்குள் காற்றில் ஒரு முனை பிரிந்து, 'சிவ' மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. மாலை போட வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் பார்த்தார்கள். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. எல்லாக் கடையிலும் அந்த டிசைன்தான் இருக்கிறது.

சரி, செத்த பிறகு எந்த உலகமாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். சிதம்பரத்துக்குப் போகிறவர் கையில் விழுப்புரம் டிக்கெட்டைக் கொடுத்தால் சும்மா இருப்பாரா? சொர்க்கம் என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் ஒரே ஊர் கிடையாது.

சிவலோகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சைவ சித்தாந்தத்தில் முத்தி, அதாவது பிறவியிலிருந்து விடுதலை, நாலு வகை: சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம். சிவனுடைய உலகத்தில் இருப்பது, அவன் அருகில் இருப்பது, அவன் உருவத்தைப் பெறுவது, கடைசியாக அவனோடு கலந்துவிடுவது. முதல் மூன்றும் பதமுத்தி, அதாவது வழியில் வரும் படிகள். நாலாவதுதான் பரமுத்தி, முடிவான நிலை. அப்படிப் பார்த்தால் சிவலோகத்தை அடைவது முதல் படி. 'பதவி' என்ற சொல்லும் சும்மா அலங்காரத்துக்கு வரவில்லை, நிலை என்ற பொருளில் கணக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சைவக் குடும்பத்துக்கு இது அருமையான வரி. மற்றவர்களுக்கு அது வேறு ஒருவர் வீட்டு விலாசம்.

வைணவர்களுக்குச் சேருமிடம் பரமபதம், அதாவது வைகுண்டம். ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் திருப்பாற்கடலும் பரமபதமும் மட்டும் இந்தப் பூமியில் இல்லை. அங்கே ஓர் உயிர் போய்ச் சேரும்போது என்னென்ன நடக்கும் என்பதை நம்மாழ்வார் 'சூழ்விசும்பணி முகில்' என்று தொடங்கும் பதிகத்தில் நேரில் பார்த்த மாதிரிப் பாடியிருக்கிறார். மேகம் முரசு கொட்டுகிறது, கடல் அலைக்கை எடுத்து ஆடுகிறது. அந்தப் பதிகத்தைக் கேட்டு வளர்ந்தவர் எங்கள் பெரியப்பா.

'சொர்க்கம் அடைந்தார்' என்று போட்டால் பொதுவாக இருக்குமே என்று ஒரு தம்பி சொன்னார். அதில்தான் சிக்கல். வடமொழியில் 'ஸ்வர்' என்றால் ஒளி, வானம். அதிலிருந்து வந்தது ஸ்வர்க்கம். இந்திரன் ஆளும் அந்த ஊரில் நிரந்தரக் குடியிருப்பு கிடையாது. சேர்த்து வைத்த புண்ணியம் தீர்ந்ததும் மறுபடியும் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்று கீதையின் ஒன்பதாம் அத்தியாயம் சொல்கிறது. ஆக, சொர்க்கம் அடைந்தார் என்று அச்சடித்தால், கொஞ்ச நாளில் திரும்பி வருவார் என்றும் சேர்த்தே சொல்கிறோம். (வைகுண்ட ஏகாதசிக்குத் திறக்கும் பரமபத வாசலைச் 'சொர்க்கவாசல்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே என்றால், ஆமாம், சொல்கிறோம். பேச்சு வழக்கு சாஸ்திரம் படித்துவிட்டு வருவதில்லை.)

உங்கள் டிசைன்களின் பின்னணியையும் உற்றுப் பார்த்தேன். சிலவற்றில் மேகமும் அதில் ஏறிப்போகும் படிக்கட்டும். சிலவற்றில் அருவியும் பூந்தோட்டமும். தெரிந்தோ தெரியாமலோ உலகத்தின் இரண்டு பழைய கற்பனைகளையும் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். முதலாவது வானம். 'ஹெவன்' என்ற ஆங்கிலச் சொல் பழைய ஆங்கிலத்தில் 'ஹெயோஃபோன்'. அதற்கு வானம் என்றும் பொருள். பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர்களைக் கேளுங்கள், 'சியேல்' என்றால் வானமும் அதுதான், கடவுளின் வீடும் அதுதான் என்பார்கள். வானோர், விண்ணவர் என்று நாமும் அண்ணாந்து பார்த்துத்தான் பெயர் வைத்தோம். இரண்டாவது தோட்டம். பாரடைஸ் என்பதன் வேர் பழைய ஈரானிய மொழியில் இருக்கிறது. சுற்றிச் சுவர் எழுப்பிய இடம் என்று அர்த்தம். அது கிரேக்கம் வழியாக வந்து தமிழ் விவிலியத்தில் 'பரதீசு' ஆயிற்று. அரபியில் 'ஃபிர்தௌஸ்' என்பதும் அந்த வேர்தான். 'ஜன்னத்' என்றாலும் தோட்டமே. வெயில் காயும் தேசத்து மக்கள் நிழலையும் தண்ணீரையும் ஆசைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. மே மாதத்தில் கடலூர் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் நமக்கும் புரியும்.

பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் ஆர்டருக்கு நீங்கள் 'வஃபாத்தானார்' என்று சரியாகப் போடுகிறீர்கள். முதுநகரிலிருந்து சர்ச் ஆட்கள் வந்தால் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். திராவிடர் கழகத்துக்காரர் வீடு என்றால் 'இயற்கை எய்தினார்' என்று தோழர்கள் வந்து பக்கத்திலேயே நிற்கிறார்கள். யாரும் வந்து நிற்காத வீடுகளில்தான் அந்த ஒரே வரி போய் விழுகிறது.

குடும்பத்தார்க்குச் சொல்லத் தெரியாவிட்டால் நம் ஊருக்கே பொருத்தமான ஒரு வரி இருக்கிறது: 'இறைவனடி சேர்ந்தார்'. பிறவிப் பெருங்கடலை நீந்துகிறவர்களைப் பற்றிய பத்தாவது குறளில் 'இறைவனடி சேராதார்' என்று வரும் சொல் அது. எந்தச் சாமி என்று வள்ளுவர் சொல்லவில்லை. கடலையும் கரையையும் சொல்லி முத்தியை விளக்குவதற்கு நம்மைவிட உரிமை யாருக்கு? கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரை சேர்ந்ததாகச் சொல்லப்படும் இடத்துக்குப் பெயரே கரையேறவிட்ட குப்பம். வண்டிப்பாளையம் பக்கத்தில்தான் இருக்கிறது. சாமி நம்பிக்கை இல்லாதவர் என்றால் அதுவும் வேண்டாம், 'காலமானார்' போதும். அந்தச் சொல் யாரையும் எங்கேயும் அனுப்புவதில்லை.

இன்னொன்று, இது அவசரமில்லை. பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடுகிறீர்கள். அமரர் என்றால் சாகாதவர். இறந்தவருக்கு அந்தப் பட்டம் கொடுப்பதில் ஓர் அன்பு இருக்கிறது, அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். 'அமறர்' என்று மட்டும் அடிக்காமல் இருந்தால் சரி.

நான் கேட்பது இதுதான். ஆர்டர் எடுக்கும்போது ரத்த பந்தத்தில் ஒருவருக்கு போன் போட்டு, "உங்க வீட்டு வழக்கத்துல எப்படிப் போடுவீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கடைக்கு வரும் பையனைக் கேட்காதீர்கள். அவனுக்கு அந்த நேரத்தில் தன் பெயரே ஞாபகம் இருக்காது. வீட்டில் மூத்த பெண்மணி யாராவது இருப்பார், அவருக்குத் தெரியும். அப்புறம், டிசைனில் அந்த இடத்தைக் காலியாக விட்டு வையுங்கள். காலியாக இருந்தால் கேட்கத் தோன்றும்.

எந்த வீட்டில் எந்த வரி வழக்கம் என்பதை ஒரே தாளில் எழுத்துப்பிழை இல்லாமல் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். கேட்கிற கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
புதுப்பாளையத்திலிருந்து உங்கள் பழைய வாடிக்கையாளர்